ஆணி தைத்த சக்கரம்

மோட்டார் சைக்கிளைச் சுமப்பது எது என்று ஒரு மாணவனை வினவினால், 'சக்கரம்' என்று விடை கூறுவான். சக்கரத்தைச் சுமப்பது எது என்று மேலும் வினவினால், சற்றே எண்ணிப் பார்த்து, 'டயர்' என்பான். அவ்விடை முழுவதும் சரியன்று. டயர் என்பது ஓர் உறையே. அதனுள் அடைபட்டுக் கிடக்கும் காற்றுத்தான் வண்டியையும், வண்டியின்மேல் அமர்ந்திருப்போரையும் சுமந்து செல்கின்றது. கண்ணுக்குப் புலனாகாத அப்பொருள் வெளியேறிவிடுமாயின், எத்துணை விலையுயர்ந்த வண்டியும் ஓரடி நகர்தற்குத் தகுதியற்றதாகிவிடும். அது வெளியேறுதற்குப் பெரிய வாயில் வேண்டுவதில்லை. ஒரு முள் நுழையும் துளையே போதும்.

அத்துளை தோன்றிய அந்நொடியே காற்று முழுதும் போய்விடுமாயின், நமக்கு ஐயம் எழ இடமில்லை. வண்டி நின்றுவிடும், நாமும் இறங்கிவிடுவோம். ஆனால், பல வேளைகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. டயரில் ஆணி தைத்திருக்கும், காற்றும் இருக்கும், வண்டியும் ஓடும். அப்பொழுதுதான், 'இன்னும் சிறிது தொலைவு செல்லலாமா, கூடாதா?' என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவிற்கு விடை காண நான் நேர்ந்தது 2004-ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் ஒரு நாள் விடியற்காலையில்.

அன்று கும்பகோணத்தில் என் தமக்கை மகளுக்குத் திருமணம். முகூர்த்தம் ஏழரை மணிக்கு மேல் ஒன்பது மணிக்குள். தாய்மாமன் சீர் கொண்டு செல்ல வேண்டியவன் நான். என் தம்பி மகன் தன் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு தஞ்சையிலிருந்து ஐந்தரை மணிக்குப் புறப்பட்டான். பட்டுப்புடைவையும் மாலையும் வைத்த பை என் மடியில் இருந்தது. ஐயம்பேட்டையைக் கடந்து சிறிது தொலைவில் தேநீர் அருந்துவதற்காக நின்றோம். வண்டியை விட்டு இறங்கும்போது, பின்சக்கரத்தில் ஏதோ ஒன்று வெள்ளிக்காசு போல் மின்னியது. குனிந்து பார்த்தேன். ஓர் ஆணியின் தலை!

தம்பி மகன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். அது கல்போல் இருந்தது. "பெரியப்பா, மிகச் சிறிய ஆணி. காற்றும் இறங்கவில்லை. இன்னும் 25 கிலோமீட்டர்தானே! மெல்ல ஓட்டிச் சென்றுவிடலாம்" என்றான். முகூர்த்த வேளையை நெஞ்சில் வைத்திருந்த எனக்கும் அவன் கூற்று இனிதாகவே பட்டது. எனினும், தேநீர் குடித்து முடிக்கும் வரையில் பொறுத்திருப்போம் என்றேன். அப்பொறுமைக்கு அறிவு காரணமன்று. தேநீர் மிகச் சூடாக இருந்ததே காரணம்.

நாங்கள் அங்கே நிற்கட்டும். டயரின் இயல்பைச் சிறிது அறிந்துகொண்டு மீண்டும் அவ்விடம் வருவோம்.

மரச்சக்கரத்தின்மேல் இரும்புப் பட்டை பூட்டிய கட்டை வண்டியில் சென்றவர்கள், சாலையிலுள்ள ஒவ்வொரு கல்லையும் தம் உடம்பால் எண்ணியறிவர். அவ்வண்டியின் சக்கரத்தில் ஆணி தைத்தால் கெடுவது ஒன்றுமில்லை. காற்றடைத்த சக்கரத்தை முதன்முதல் எண்ணிப் பதிவு செய்தவர் ஸ்காட்லாந்து நாட்டுப் பொறிவல்லுநர் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர், ஆண்டு 1845. உலகம் அதனை மறந்துவிட்டது. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் என்பவர், தம் சிறுமகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்னும் விருப்பத்தால் அதனை மீண்டும் கண்டறிந்து, தம் பெயரில் பதிவு செய்துகொண்டார். தாம்சன் தமக்கு முன்பே அதனைக் கண்டறிந்தவர் என்பது இரண்டு ஆண்டுகள் கழித்தே அவருக்கு அறிவிக்கப்பட்டது. குலுங்காத பயணம் மக்களுக்குக் கிடைத்தது. அதனோடு 'பஞ்சர்' என்னும் சொல்லும் கிடைத்தது. குத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அச்சொல்லை ஆங்கிலம் வழியாக நாம் பெற்றோம். 'பஞ்சர் ஒட்டுதல்' என்று நாம் கூறும் தொடரைப் பிறமொழியாளர் கேட்டால் திகைப்பர். துளையை எவ்வாறு ஒட்டுவது? ஒட்டப்படுவது துளையின்மேல் வைக்கும் ரப்பர்த் துண்டு. ஆயினும், வழக்கு வென்றுவிட்டது. இனி அதனை மாற்றுவார் இலர்.

காற்று எவ்வாறு பாரத்தைத் தாங்குகின்றது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். இருவர் அமர்ந்த மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தின்மேல் ஏறக்குறைய 300 பவுண்டு, அதாவது 136 கிலோகிராம், பாரம் இருப்பதாகக் கொள்வோம். டயரில் ஒரு சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு அழுத்தமுள்ள காற்று இருக்கின்றது. முந்நூற்றை முப்பதால் வகுத்தால் 10 சதுர அங்குலம் கிடைக்கும். தரையோடு டயர் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு ஏறக்குறைய அவ்வளவே. நம் உள்ளங்கையின் அளவு! காற்று பாதியாகக் குறைந்து 15 பவுண்டு ஆகுமாயின், அதே பாரத்தைத் தாங்க 20 சதுர அங்குலம் வேண்டும். ஆதலின், டயர் தட்டையாகித் தரையில் மிகுதியாகப் படிகின்றது. டயரின் பக்கச் சுவரும் பாரத்தில் ஒரு சிறு பங்கைத் தாங்குமாதலின் இக்கணக்கு தோராயமானதே. எனினும், உண்மையை உணர்த்த இது போதும்.

தட்டையானால் என்ன கேடு? சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் டயரின் பக்கச் சுவர் மடங்கி, மீண்டும் நிமிர்கின்றது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் வளைத்த இடம் சுடுவதை நாம் அறிவோம். ரப்பரும் அவ்வாறே சூடேறும். மோட்டார் சைக்கிளின் சக்கரம் ஒரு கிலோமீட்டர் தொலைவிற்கு 500 முறைக்கு மேல் சுழலும். அன்று நாங்கள் செல்லவேண்டியிருந்த 25 கிலோமீட்டருக்கு 12,500 முறைக்குக் குறையாமல் அச்சுவர் மடங்கி நிமிர வேண்டும். காற்றுக் குறைந்த டயரில் அம்மடிப்பு மிகும். மடிப்பு மிகுந்தால் வெப்பம் மிகும். வெப்பத்தால் டயரின் உள்ளே இருக்கும் நூலிழைகள் ரப்பரிலிருந்து பிரியத் தொடங்கும். இக்கேடு வெளியே தெரிவதில்லை. துளையை அடைத்துக் காற்று நிரப்பிய பின்னரும், உள்ளே நலிந்த டயர் நலிந்ததாகவே இருக்கும்.

இனி, டயர்கள் இருவகைப்படும் என்பதை அறிதல் வேண்டும். ஒன்று, உள்ளே டியூப் உடையது. மற்றொன்று, டியூப் இல்லாதது. இவ்வேற்றுமையை அறியாமல், 'சிறு துளைதானே' என்று பொதுப்படக் கூறுவது பிழையாகும்.

டியூப் என்பது ஊதிய பலூனைப் போல இழுபட்டு விரிந்து நிற்பது. இழுபட்ட பொருளில் விழுந்த துளை, தன் அளவிலேயே நில்லாது கிழிந்து பெருகக்கூடும். வெளியேறும் காற்று, டயருக்கும் டியூபுக்கும் இடையே புகுந்து, சக்கரத்தின் கம்பிகள் பொருந்தியுள்ள துளைகளின் வழியாகவும், வால்வின் பக்கத்திலும் எளிதாகத் தப்பிவிடும். ஆணி துளையிலேயே இருந்தால் சிறிது நேரம் தாங்கும். பிறகு ஒரு குலுக்கலில் கைவிட்டுவிடும். எந்தக் குலுக்கல் என்று எவராலும் கூற இயலாது. அன்றியும், காற்று இறங்கிய டயர் தன் வட்டில் வழுக்கி நகரும்போது டியூபையும் உடன் இழுத்துச் செல்லும். வால்வு மட்டும் வட்டின் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும். விளைவு, வால்வு வேரோடு பிய்ந்துவிடும். டியூப் உள்ள டயரில் ஆணி புகுந்து காற்றுக் கசிகின்றது என்று தெரிந்தபின், அதன்மேல் ஏறி ஓட்டலாம் என்று நான் எவருக்கும் கூறேன்.

டியூப் இல்லாத டயரின் இயல்பு வேறு. அதன் உட்புறத்தில் காற்றுப் புகாத ரப்பர்ப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். அது பலூனைப் போல் இழுபட்டு நிற்பதன்று. ஆதலின், உள்ளே புகுந்த ஆணியைத் தடித்த ரப்பர் இறுகப் பற்றிக்கொள்ளும். காற்று மெல்லமெல்லவே கசியும். சில வேளைகளில் நாட்கணக்கில் கசிவது தெரியாமலும் இருக்கும். வார்ப்புச் சக்கரங்கள் பூட்டிய இக்கால வண்டிகள் பலவற்றில் இவ்வகை டயரே உள்ளது. டயரின் பக்கச் சுவரில் 'டியூப்லெஸ்' என்று எழுதியிருக்கும். ஆனால், அவ்வெழுத்தை மட்டும் நம்புதல் கூடாது. அவ்வகை டயருக்குள்ளும் டியூப் இட்டு ஓட்டுவோர் உளர். தன் வண்டியில் உள்ளது எது என்பதை ஆணி தைக்குமுன்பே அறிந்து வைத்திருப்பது நன்று.

ஆணியைக் கண்டவுடன் அதனைப் பிடுங்குதற்குக் கை துறுதுறுக்கும். அதனை அடக்குதல் வேண்டும். காற்று நிற்கும்வரை, ஆணிதான் அத்துளைக்கு அடைப்பு. முதலில் துளை இருக்கும் இடத்தை நோக்குக. தரையைத் தொடும் நடுப்பகுதியில் இருந்தால், அது சீர்செய்யத் தக்கது. துளை 6 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். பக்கச் சுவரிலோ, நடுப்பகுதி முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் தோளிலோ இருந்தால், அது எத்துணைச் சிறிதாயினும் வண்டியை நிறுத்திவிடுக. ஓயாது மடங்கி நிமிரும் இடத்தில் எந்த அடைப்பும் நிலைத்து நில்லாது. அவ்வாறான டயரை மாற்றுவதே முறை.

அடுத்து, காற்றுக் கசிகின்றதா என்று காண்க. சவர்க்காரம் கரைத்த நீர் சிறந்தது. அது கிடையாவிடின் வெறும் நீரும் உதவும். ஆணியைச் சுற்றி ஊற்றினால், கசிவுள்ள இடத்தில் குமிழி எழும். டியூப் உள்ள சக்கரமாயின், வால்வைச் சுற்றியும் கம்பிகளின் அடியிலும் ஊற்றிப் பார்த்தல் வேண்டும். காற்று நுழைந்த வாயில் ஒன்றாகவும், வெளிப்படும் வாயில் வேறாகவும் இருக்கும் என்று முன்பே கண்டோம். குமிழி எழாவிடின் மகிழலாம். ஆணி குட்டையாக இருந்து, மேல் ரப்பரில் மட்டும் தைத்து நிற்பதும் உண்டு.

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து முடிவு செய்தல் நம்மிடையே உள்ள பழக்கம். நாடி பார்ப்பதில் தேர்ந்த மருத்துவருக்கு விரல் போதும், நமக்குப் போதாது. 30 பவுண்டு அழுத்தமுள்ள டயரும் 20 பவுண்டு அழுத்தமுள்ள டயரும் விரலுக்கு ஒன்றுபோலவே தோன்றும். காற்றழுத்தத்தை அளக்கும் சிறு கருவி சட்டைப்பையில் அடங்குவது. அதனால் ஒருமுறை அளந்து, கால்மணி நேரம் பொறுத்து மீண்டும் அளந்தால், உண்மை வெளிப்படும். இரண்டு மூன்று பவுண்டு குறைந்திருந்தாலும் அது விரைவான கசிவே. வண்டிக்குரிய அளவு யாது என்பது பெரும்பாலும் வண்டியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். தனியே செல்லும்போது ஓர் அளவும், பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்லும்போது பின்சக்கரத்திற்கு அதனினும் மிகுதியான அளவும் குறித்திருப்பர். இரண்டாம் அளவைப் படிப்பவர் மிகச் சிலரே.

எந்தச் சக்கரத்தில் ஆணி தைத்தது என்பதும் எண்ணத் தக்கது. கார் முதலிய வண்டிகளில் ஒரு சக்கரம் காற்றிழந்தாலும் மற்றை மூன்றும் தாங்கி நிற்கும். மோட்டார் சைக்கிளுக்கு உள்ளவையோ இரண்டே சக்கரங்கள்; அதுவும் வளைவுகளில் சாய்ந்து செல்வது. காற்றுக் குறைந்த டயர் அச்சாய்வில் வட்டைவிட்டுப் பிறழக்கூடும். முன்சக்கரம் காற்றிழந்தால் கைப்பிடி கனத்து, ஓட்டுபவன் திருப்பிய வழியில் வண்டி திரும்பாது. பின்சக்கரம் காற்றிழந்தால் வண்டியின் பின்புறம் இடமும் வலமுமாக நெளியும். இரண்டும் தீயனவே; ஆயினும், முன்சக்கரத்தில் ஐயமிருந்தால் சிறிதும் துணிதலாகாது.

ஆகவே, ஓட்டிச் செல்லலாம் என்று கூறத்தக்க நிலை ஒன்று உண்டெனில், அது மிகக் குறுகியது. டியூப் இல்லாத டயராக இருக்க வேண்டும். துளை நடுப்பகுதியில் இருக்க வேண்டும். காற்றை அளந்து, பொறுத்து அளந்து, குறையவில்லை என்று காண வேண்டும். அப்பொழுதும் அண்மையிலுள்ள பஞ்சர்க் கடை வரையில் மட்டுமே, ஒருவராக, 30 கிலோமீட்டர் வேகத்திற்கு மேற்படாமல், இடையிடையே நிறுத்தி நோக்கிச் செல்லலாம். பேருந்துகளும் லாரிகளும் விரைந்து செல்லும் நெடுஞ்சாலையாயின், அதுவும் வேண்டா என்பது என் கருத்து. மழைநாளில் ஈரமான ரப்பரை ஆணி எளிதில் ஊடுருவும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்று இறங்கிவிட்டால் செய்ய வேண்டுவதையும் இங்கே கூறிவிடுகின்றேன். கைப்பிடியை இறுகப் பற்றி, வண்டியை நேராகச் செலுத்துக. வேகத்தைத் தரும் கைப்பிடியை மெல்லத் தளர்த்துக. காற்றிழந்த சக்கரத்தின் தடையை அழுத்தாமல், மற்றைச் சக்கரத்தின் தடையை மட்டும் மென்மையாகப் பயன்படுத்திச் சாலையோரம் ஒதுங்குக. அஞ்சித் திடீரென நிறுத்த முயல்பவரே பெரும்பாலும் கீழே விழுகின்றனர்.

இனி, ஐயம்பேட்டைத் தேநீர்க் கடைக்குத் திரும்புவோம். எங்கள் வண்டியில் இருந்தது கம்பிச் சக்கரம். டியூப் உள்ள டயர். தேநீர் ஆறி, குடித்து முடிக்கக் கால்மணி நேரமாயிற்று. தம்பி மகன் மீண்டும் டயரை அழுத்தினான். முன்னே கல்போல் இருந்தது, இப்பொழுது விரலுக்குச் சற்றே இடங்கொடுத்தது. கடைக்காரர் ஒரு செம்பு நீர் கொணர்ந்து ஊற்றினார். ஆணியின் தலையருகே குமிழிகள் எழுந்தன. கம்பிகளின் அடியிலும் எழுந்தன. தம்பி மகன் முகம் வாடியது. "இறங்கினாலும் மெல்லத்தானே இறங்குகிறது, பெரியப்பா! வேகமாகச் சென்றால் இறங்குவதற்குள் போய்விடலாமே!" என்றான். அந்நாளில் அவனுக்கு வயது இருபத்திரண்டு. விரைந்து சென்றால் டயர் விரைந்து சூடேறும் என்பதை அவன் எண்ணவில்லை. நானும் அன்று அறியேன். என் மடியிலிருந்த மாலையை எண்ணி, அரை மனத்தோடு 'சரி' என்று சொல்லவும் வாய் திறந்தேன்.

"ஐயா, ஒரு கிலோமீட்டரில் பஞ்சர்க் கடை இருக்கிறது; ஏழு மணிக்குத் திறப்பார்கள். தாங்கள் பேருந்தில் ஏறிக்கொள்ளுங்கள், தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகட்டும்" என்றார் கடைக்காரர். எங்கள் இருவருக்கும் தோன்றாதது இதுவே. செல்வதா நிற்பதா என்று நாங்கள் வழக்காடிக்கொண்டிருந்தோம். செல்ல வேண்டியவன் நான், நிற்க வேண்டியது வண்டி என்று பிரித்துக் காண எங்களால் இயலவில்லை. கும்பகோணம் செல்லும் பேருந்து சிறிது நேரத்தில் வந்தது. ஏழு மணி இருபது நிமிடத்திற்கு நான் மண்டபத்து வாயிலில் இருந்தேன்.

தம்பி மகன் ஒன்பது மணி கடந்த பின்னரே வந்து சேர்ந்தான். கையெல்லாம் கருமை. நடந்ததை அவன் வாயிலாகவே அறிந்தேன். பஞ்சர்க் கடைக்காரர் இரும்பு நெம்புகோலால் டயரை வட்டிலிருந்து விலக்கி, டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்து நீர்த்தொட்டியில் அமிழ்த்தினாராம். ஓரிடத்தில் அன்றி, நேர் எதிரே மற்றோர் இடத்திலும் குமிழி எழுந்தது. ஓர் ஆணி, இரண்டு துளைகள். காற்று இறங்கிய சக்கரத்தை ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனபோது, தட்டையான டியூபின் மறுபுறத்தையும் அவ்வாணி குத்திவிட்டது. 'காற்று முழுதும் போனபின் தள்ளிக்கொண்டு வருவதானால், ஆணியைப் பிடுங்கிவிட்டு, அவ்விடத்தைச் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டு தள்ள வேண்டும்' என்று அவர் கூறினாராம். காற்று இருக்கும்போது ஆணி அடைப்பாகும். காற்றுப் போனபின் அதுவே ஊசியாகும். இந்நுட்பத்தை நான் எந்நூலிலும் படித்ததில்லை.

அவர் இரு துளைகளையும் அரத்தால் தேய்த்துப் பசை தடவி ஒட்டியபின், டயரின் உட்புறம் முழுவதையும் விரல் நுனியால் மெல்லத் தடவிப் பார்த்தாராம். உடைந்த முனை ஏதேனும் உள்ளே தங்கியிருந்தால், ஒட்டிய டியூபில் மறுநாளே மற்றொரு துளை விழும். அவ்வாறு தடவிப் பார்க்கும் கடைக்காரரை நீங்கள் கண்டால், அடுத்த முறையும் அவரிடமே செல்லலாம். டியூப் இல்லாத டயருக்கு வெளியிலிருந்தே பசை தோய்ந்த திரியைச் செருகி அடைத்துவிடுகின்றனர். விரைவில் முடியும் வேலை அது. எனினும், டயரைக் கழற்றி உட்புறத்தை நோக்கி, காளான் வடிவமான அடைப்பை உள்ளிருந்து பொருத்துவதற்கு அது ஈடாகாது. காற்றிழந்த நிலையில் ஓடிய டயராயின், உட்புறத்தைக் கட்டாயம் நோக்குதல் வேண்டும்; அங்கே ரப்பர் கருந்தூளாக உதிர்ந்து கிடந்தால், அதனை மீண்டும் பூட்டலாகாது.

என் தமக்கை அவனைக் கைகழுவி வந்து பந்தியில் அமரச் சொன்னாள். அவன் அமருமுன் சட்டைப்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து என்னிடம் தந்தான். பொட்டளவு தலை, அதன் கீழே ஒன்றரை அங்குலக் கூர்ங்கம்பி. காலையில் நாங்கள் இருவரும் குனிந்து நோக்கி, 'சிறிய ஆணி' என்று கூறியது அதனைத்தான்.